சூடேறிப் போன மாருதி 800 இன்ஜினை 25,000 ரூபாய்க்குள் மீட்டெடுத்த கதை

1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் ஓடாமல் நின்றிருந்ததை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாடியில் துரு அதிகமில்லை. ஆர்.சி. 2028 வரை செல்லும். கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது. இன்ஜின் மட்டும்தான் போயிருந்தது.

விற்றவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "உடுமலை போயிட்டு வர்றப்ப சூடாயிருச்சுங்க. முள்ளு மேல ஏறுச்சு, அப்புறம் தானா இறங்கிருச்சு. சரி, ஒண்ணுமில்லன்னு ஓட்டிட்டு வந்துட்டனுங்க." இன்ஜின் எப்படிப் போனது என்பது இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்வரைதான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிவிட்டால் அது காற்றில் நிற்கிறது. இன்ஜின் கொதித்துக் கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் முள் இறங்கிவிடும். ஏறிய முள் தானாக இறங்கினால் அதுதான் வண்டியை உடனே ஓரம்கட்ட வேண்டிய நேரம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த இன்ஜின் தப்பியிருக்கும்.

டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தது. தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன். அந்தக் கலவையில் பேரிங் ஓடினால், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு மிச்சமிருந்தால் அதுவும் போய்விடும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்க்க மட்டும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் மோட்டாரில் சில சுற்று சுற்றினேன். முதல் சிலிண்டர் 150 பிஎஸ்ஐ. இரண்டாவது 60, மூன்றாவது 65. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட், அதாவது பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு, எரிந்திருக்கிறது என்பதுதான்.

இந்த நிலையில் மூன்று வழிகள் இருந்தன. மெக்கானிக் ஷெட்டில் முழுதாகக் கொடுத்தால் 35,000 கேட்டார்கள். பழைய சாமான் கடையில் "ஓடுற இன்ஜின்" ஒன்று 15,000-க்குக் கிடைத்தது. மூன்றாவது வழி, இருப்பதையே பிரித்துக் கட்டுவது.

பழைய இன்ஜின் வாங்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் இரண்டு. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. திறந்து பார்ப்பதென்றால் கேஸ்கட் செட், ஆயில், உழைப்பு எல்லாம் அதற்கும் ஆகும். அதற்கு என் இன்ஜினையே திறக்கலாமே. இன்னொன்று, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். பில்லே இல்லாமல் விற்கிற இன்ஜினுக்கு அதை எப்படிச் செய்வது? சொந்த பிளாக்கில் போர் போட்டால், அதாவது தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றே பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால், இந்தத் தொல்லையே இல்லை.

சொந்த இன்ஜினின் காயம் என்ன என்பதாவது நமக்குத் தெரியும். அதுவும் இந்த எஃப்8பி இன்ஜின் வீட்டில் பிரிப்பதற்கு ஏற்றது. மூன்று சிலிண்டர், 796 சிசி, மேலே வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம் ஷாஃப்ட், அதைச் சுற்றும் டைமிங் பெல்ட். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். உதிரி பாகம் கிடைக்காத ஊரே இல்லை. இந்தக் கார் 1983 கடைசியில் தொடங்கி 2014 தொடக்கம் வரை தயாரானது. மாருதி ஆம்னி வேனிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான்.

செலவை 25,000-க்குள் நிறுத்த ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிற்பாடு இன்ஜினைத் திறக்காமலே மாற்ற முடிகிற பொருளில் மட்டும் மிச்சம் பிடிப்பது. திறந்தால்தான் கை எட்டும் என்கிற பொருளில் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஃபேன் பெல்ட் எல்லாம் வெளியே தொங்குபவை. அவை பழையதாகவே இருக்கட்டும். பின்பக்க கிராங்க் ஆயில் சீல் நூறு ரூபாய்ச் சமாசாரம், ஆனால் பிறகு ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அது புதிதாக, நல்ல கம்பெனி சீலாகப் போட வேண்டும். என் செலவுக் கணக்கு முழுக்க இந்த ஒரு விதியில்தான் நின்றது.

கனமான பொருளைத் தூக்கும் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து, மச்சான் ஒரு கை பிடிக்க, இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்த்து வெளியே எடுத்தோம். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு வாக்யூம் குழாயையும் ஒயரையும் ஃபோட்டோ எடுத்து, ஒட்டுத் தாளில் எண் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டினேன். கார்புரேட்டர் வண்டியில் மெல்லிய ரப்பர் குழாய்கள் நிறைய. திரும்பப் பூட்டும்போது ஒன்று இடம் மாறினாலும் ஐடில் நிற்காது.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஏற்கெனவே வளைந்திருக்கும் அலுமினியத்தை ஒரே பக்கம் விடுவித்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஹெட்டைத் தூக்கியதும் சந்தேகம் உறுதியானது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கட் கருகி அறுந்திருந்தது. இரண்டாவது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தில் தட்டுப்படுகிற ஆழத்துக்கு. பிஸ்டன் ஓரமும் உரசித் தேய்ந்திருந்தது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் நடு கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கில் வெள்ளி நிறப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது.

எல்லாம் ஒரே சங்கிலி. அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே போல்ட் பிடித்திருக்க, மேலே ஹெட் விரிய இடமில்லாமல் வில்லாக வளைகிறது. வளைந்த இடத்தில் கேஸ்கட்டின் அழுத்தம் குறைந்து எரிகிறது. எரிந்த வழியே தண்ணீர் ஆயிலில் இறங்குகிறது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தாங்காது. சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் காய்ந்து பிஸ்டன் உரசுகிறது. முதலில் தண்ணீர் ஏன் வற்றியது என்பதுதான் இதற்கெல்லாம் தலைக் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போடுவது அந்தப் பிஸ்டனையும் பலி கொடுப்பது.

விடை தண்ணீர்ப் பாதையில் கிடைத்தது. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை மூடியிருக்கும் கோர் பிளக்குகள் என்ற தகடுகளைத் தட்டி எடுத்தேன். உள்ளே சுண்ணாம்பும் துருவும் கலந்து செங்காவி நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காக அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் அடைத்துப் போயிருந்தன. அதற்கும் மேல், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் நிறுத்தி வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் காணோம். ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வெறும் வளையம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பல காலப் பழக்கம். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க" என்பார்கள். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலைச் சூட்டை எட்டவே நேரம் பிடிக்கும். அதுவரை கார்புரேட்டர் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் ஆயிலைக் கழுவிவிடும். தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். ரேடியேட்டர் அடைத்திருப்பதால் வருகிற சூட்டைத் தெர்மோஸ்டாட்டின் குற்றமாக நினைத்து எடுத்துவிட்டால், உண்மையான நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். இந்த வண்டியில் நடந்ததும் அதுதான். ஃபேன் ஒயரையும் தெர்மோ சுவிட்சிலிருந்து பிடுங்கி நேரடியாகச் சாவியோடு இணைத்திருந்தார்கள்.

ஆகவே என் விதிக்கு ஒரு விலக்கு கொடுத்தேன். ரேடியேட்டர் வெளியே இருக்கும் பொருள்தான், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் இன்ஜினைக் கொன்றதே அதுதான் என்னும்போது அதில் காத்திருக்கக் கூடாது. புது ரேடியேட்டர் 2,600, தண்ணீர் பம்பு 950, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள் சேர்ந்து 1,100. மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்த மூடி என்றால் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும்.

புது தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் போடவில்லை. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். 82 என்று பொறித்திருந்தது, அந்தச் சூட்டை ஒட்டியே வாய் திறக்க ஆரம்பித்தது. கடையில் கொடுத்த முதல் தெர்மோஸ்டாட் கொதிக்கிற தண்ணீரிலும் அசையவே இல்லை. திருப்பிக் கொடுத்து இதை வாங்கினேன்.

பிளாக்கில் படிந்த சுண்ணாம்புக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும், அதாவது சிட்ரிக் ஆசிட். வெந்நீரில் கரைத்து, பிளாக் முங்கும் அளவு பிளாஸ்டிக் டப்பில் ஊறவைத்தேன். நுரைத்து நுரைத்துக் கழன்றது. நடுவில் தண்ணீரை மாற்றி, வளைந்த கம்பியால் மூலை முடுக்கெல்லாம் சுரண்டினேன். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து ஆயில் பூச வேண்டும். வெறும் இரும்பு கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். இதைப் போர் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், போர் போட்ட பிறகு ஆசிட் அந்தச் சுவரில் படக் கூடாது. அலுமினிய ஹெட்டை இப்படி ஊறவைக்கவே கூடாது. அதைப் பிரஷ்ஷாலும் வெந்நீராலும்தான் சுத்தம் செய்தேன்.

அடுத்தது லேத். கோவையில் கணபதிப் பக்கம் இன்ஜின் வேலை மட்டுமே செய்கிற ஒரு பட்டறை. பிளாக்கைப் பார்த்ததும் அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "பிஸ்டன் எங்கீங்க தம்பி?" போர் போட்டுவிட்டு அந்த அளவுக்கு வாங்கிக்கொள்ளலாமே என்றேன், அவர் என்ன சொல்வார் என்று கேட்கவே. "பிஸ்டன் கைல இல்லாம நான் போர் போடமாட்டனுங்க. டப்பால இருவதுன்னு போட்டிருப்பான், அளந்தா வேற இருக்கும். நாளைக்குப் புகையுதுன்னா என்னையத்தான சொல்லுவீங்க?" சரியான பட்டறைக்கு வந்திருக்கிறோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

போர் கேஜை விட்டு மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். கம்பெனி அளவு 68.5 மி.மீ. முதலும் மூன்றாவதும் பத்து தௌ போரிலேயே தேறியிருக்கும், அதாவது 0.25 மி.மீ. (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இரண்டாவதன் கோடுகள் அதற்கு மேல் ஆழம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெரிய பிஸ்டன் போட்டால் எடைச் சமநிலை கெடும், ஆகையால் மூன்றுக்கும் இருபது தௌ, 69 மி.மீ. கணக்குப் போட்டால் கொள்ளளவு 796-லிருந்து 808 சிசி ஆகிறது. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் இந்த பிளாக்குக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிஸ்டன் இந்த அளவோடு முடிகிறது. அடுத்த முறை என்று ஒன்று வந்தால் ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாய்தான், போட வேண்டும்.

பிஸ்டன், ரிங், பின் மூன்று செட் 3,400. ஒவ்வொரு பிஸ்டனையும் ஸ்கர்ட் எனப்படும் அடிப்பகுதியில், பின் துளைக்குச் செங்குத்துத் திசையில் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று எண் எழுதி, அதனதன் அளவோடு 0.04 மி.மீ. இடைவெளி சேர்த்துப் போர் போட்டார். கடைசி நூலிழையைப் போரிங் மெஷினில் எடுக்காமல், சாணைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங்கில் எடுத்தார். சுவரில் குறுக்கும் மறுக்குமாக வலைப்பின்னல் கோடுகள் விழ வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், புது ரிங் அதில் உரசித்தான் பொருந்தும்.

கிராங்கில் நடு கன்ராடு ஜர்னல் (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. இதற்கு அனுமதி 0.01 மி.மீ. அளவுதான், இங்கே அதைப் போல மூன்று மடங்கு. கன்ராடு ஜர்னல்களைப் பத்து தௌ கிரைண்ட் செய்யச் சொன்னேன். மெயின் ஜர்னல்கள் நான்கும் அளவுக்குள் இருந்ததால் பாலிஷ் மட்டும். கிரைண்டிங்குக்குக் கொடுக்கும்போது மூலை வளைவைக் காப்பாற்றச் சொல்ல வேண்டும். ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் இடத்தில் கூர்மையான மூலை விழுந்துவிட்டால் கிராங்க் பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும்.

ஹெட்டில் நேர்விளிம்புப் பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் 0.12 மி.மீ. நுழைந்தது. எல்லை 0.05. ஃபேசிங் போட்டால், அதாவது மெலிதாகச் சீவினால், அடிப்பக்கம் நேராகிவிடும், அது எளிது. எனக்கிருந்த கவலை வேறு. இந்த ஹெட்டில் கேம் ஷாஃப்ட் தனி பேரிங் இல்லாமல் அலுமினியத் துளைகளில் நேரடியாக ஓடுகிறது. ஹெட் வில்லாக வளைந்தால் அந்தத் துளைகளும் ஒரே கோட்டில் இருக்காது. அடியை மட்டும் சீவி நேராக்கினால் மேலே கேம் இறுக்கிப் பிடிக்கும். கேமை ஆயில் தடவி உள்ளே விட்டு விரலால் சுற்றிப் பார்த்தோம். தடையில்லாமல் சுற்றியது. அது இறுகியிருந்தால் அந்த ஹெட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய ஹெட் தேடியிருப்பேன். தண்ணீர் வழிகளை அடைத்து, காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கி விரிசல் சோதனையும் செய்தார்கள். குமிழி வரவில்லை. இந்தச் சோதனை செய்யாமல் சூடேறிய அலுமினிய ஹெட்டை யாரும் திரும்பப் பூட்டக் கூடாது, வால்வு சீட்டுகளுக்கு நடுவில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

போர், ஹோனிங் 1,500. கிராங்க் 1,400. ஹெட் சோதனை, ஃபேசிங், வால்வு சீட் கட்டிங் 1,300. லேத்துக்கு மொத்தம் 4,200 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் மதிப்புக்கு மலிவாகக் கிடைத்தது இதுதான்.

வால்வுகளை வீட்டில் நானே பேஸ்ட் போட்டு உட்கார வைத்தேன். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகள் உட்கார்ந்த நிலையில் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் கசிந்தது, திரும்பத் தேய்த்ததும் நின்றது. வால்வு ஆயில் சீல்கள் எல்லாம் புதிது.

கட்டுவதற்கு முன் கழுவுவது பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் போர் போட்ட இன்ஜின்கள் சீக்கிரம் புகைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹோனிங்கில் விழும் கல் துகள் அந்த வலைப்பின்னல் கோடுகளுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை வெளியே எடுக்காது, எண்ணெயை மட்டும் கழுவிவிட்டுத் துகளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான் வேண்டும். தேய்த்துக் கழுவிக் காயவைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். சாம்பல் நிறம் ஒட்டினால் திரும்பக் கழுவ வேண்டும். எனக்குத் துணி வெளுக்க வெகுநேரம் ஆனது. கிராங்க் ஆயில் துளைகளிலும், பிளாக்கின் ஆயில் பாதைகளிலும் மெல்லிய பிரஷ் விட்டு, காற்றடித்து, அந்தக் காபி நிறச் சகதி முழுக்க வெளியேறும்வரை விடவில்லை.

கன்ராடு மூடியும் ராடும் சேர்த்து வைத்துத் துளையிடப்பட்டவை, ஆகவே ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஆகாது. மெயின் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். புது பேரிங் ஷெல்களை வைத்து, இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் நூலை ஜர்னல் மேல் படுக்க வைத்து, மூடியை உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளந்தேன். எல்லா ஜர்னலும் 0.03, 0.04 மி.மீ. அளவில் நின்றது. இந்த நூல் கொஞ்சம் விலைதான், இருந்தாலும் புது பேரிங் டப்பாவுக்குள் அளவு தவறிய ஷெல் இருந்தால் கட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது இது ஒன்றுதான்.

ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தேன். 0.2-க்கும் 0.3-க்கும் நடுவில் இருந்தன. எழுத்துப் பொறித்த பக்கம் மேலே, வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்று வராதபடி திசை மாற்றி. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆயில் பம்பைப் பற்றி மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. பழையதே சுற்றுகிறதே, 1,300 எதற்கு என்றான். தண்ணீர் கலந்த ஆயிலும் பேரிங் துகளும் அதற்குள்தான் ஓடியிருக்கின்றன, உள்ளே ரோட்டரில் வரி விழுந்திருந்தது. பிற்பாடு அதை மாற்றுவதென்றால் டைமிங் பெல்ட்டும் சம்ப்பும் கழற்ற வேண்டும். விதிப்படி புதிதுதான் போட்டோம். கிளட்ச் பிளேட்டில் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டேன். ரிவெட் தலைக்கு மேல் இன்னும் நல்ல ஆழம் இருந்தது, அதை அப்படியே விட்டோம்.

ஹெட் பூட்டும்போது கவனிக்க வேண்டியது போல்ட் துளைகள். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்காமல் பிளாக்கையே பிளக்கும், டார்க் ரெஞ்சும் பொய்க் கணக்குக் காட்டும். துளைகளைக் காற்றடித்துக் காயவைத்தேன். ஹெட் கேஸ்கட்டில் எந்தப் பசையும் பூசவில்லை. நண்பரின் டார்க் ரெஞ்சை வாங்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று தவணையாக, மேனுவல் அளவுக்கு இறுக்கினேன். சம்ப்பில் சிலிக்கான் பசை மெல்லிய கோடாகப் போதும். பிதுங்கி உள்ளே விழும் துண்டு நேராக ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

டைமிங் குறிகளைச் சேர்த்து, டென்ஷனரை விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றித் திரும்பவும் குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்தோம். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ.

இன்ஜினை இறக்கிப் பூட்டியதும் பிளக் போடாமல் செல்ஃப் அடித்தோம், ஆயில் விளக்கு அணையும்வரை. விளக்கு அணைந்தால்தான் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகே பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்து ஓடியது. ஹீட்டர் குழாயைத் திறந்து வைத்து, ரேடியேட்டரில் குமிழி அடங்கும்வரை கூலன்ட் விட்டோம். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். திரும்ப இணைத்த தெர்மோ சுவிட்ச் சரியான சூட்டில் ஃபேனைச் சுற்ற வைத்தது. அதைப் பார்க்கிறவரை பானட்டை மூடவில்லை.

புது இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டு 'ரன்னிங்' பண்ணுவது சரியில்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம்தான், அது லோடு இருந்தால்தான் வரும். உடுமலை ரோட்டில் மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து அறுபது வரை நிதானமாக ஏற்றி, ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கி, திரும்ப ஏற்றி ஓட்டினேன். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகவில்லை. சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்றினேன். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். நுண்ணிய சாம்பல் பொடி இருந்தது, அது ரிங் பொருந்துவதால் வருவது. மின்னும் செதில்கள் இல்லை, பேரிங் நலம்.

1,000 கிலோமீட்டர் தாண்டிய பின் கம்ப்ரஷன்: 178, 175, 180. வால்வு இடைவெளியைத் திரும்பச் சரிசெய்தேன். பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றினேன், நாலு பேரோடு. நாற்பது கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர். முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே போய் இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் கூலன்ட் மட்டம் கிளம்பும்போது இருந்த அதே இடத்தில்.

லேத் 4,200. பிஸ்டன் செட்டும், பேரிங் 1,350-ம், ஃபுல் கேஸ்கட் செட் 1,450-ம், இரண்டு பம்புகளும், டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 1,150-ம், ரேடியேட்டர் வகையறாவும், இரண்டு தடவை ஆயில், ஃபில்டர், கூலன்ட் 2,700-ம் சேர்ந்து 16,000. செயின் பிளாக் வாடகை, பிளாஸ்டிகேஜ், பழைய கடையில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, சில்லறைகள் 1,500. ஆக 21,700 ரூபாய். என் உழைப்பும் மச்சானின் உழைப்பும் இதில் சேரவில்லை.

மிச்சமிருந்த 3,300-ஐ கார்புரேட்டருக்கு ஒதுக்கியிருக்கிறேன். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து காற்று இழுக்கிறது, ஐடில் ஒரே சீராக நிற்பதில்லை. வெளியே இருக்கிற பொருள்தானே, நாலு போல்ட்டில் கழன்றுவிடும். அடுத்த மாதம் பார்க்கலாம்.